மட்டைக்குப் பின்னால் இருந்த அண்ணன்

போன கிழமை, படங்களுக்குக் குரல் கொடுக்கப் பழகும் உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், ஒலிப்பதிவு அறையிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். கதாநாயகியின் வாய் குவிகிற இடத்தில் தன்னுடைய வசனம் பல்லைக் காட்டிக்கொண்டு முடிகிறதாம். பதினாறு தடவை பேசிப் பார்த்தும் பொருந்தவில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்காமலே போய்விட்டார். அந்தக் கோபம் தீரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலைப் பழகிய இடத்தில், கதாநாயகியின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் பாதி நேரம் ஒரு சவர்க்காரப் பெட்டி மட்டைதான் இருந்தது.

கிழவி பெருமை பேசத் தொடங்கிவிட்டாள் என்று நீங்கள் கண்ணைக் காட்டிக்கொள்வது எனக்குத் தெரியும். ஓம், பெருமைதான் பேசப் போகிறேன். நாய்க்கும் குழந்தைக்கும் வில்லனுக்கும் ஒரே தொண்டையால் பேசி ஓய்வுபெற்றவள் நான். அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

போர்நிறுத்தம் வந்து, பூட்டிக்கிடந்த பாதை திறந்து வன்னிக்குள் சாமான்கள் வரத் தொடங்கிய காலம் அது. நான் ஸ்கந்தபுரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கு ஒரு முல்லைத்தீவுக்காரர் வந்தார். முஸ்லிம் வியாபாரி. தொண்ணூறில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்வதுபோல, நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கூரை பாதி போயிருந்த பழைய நெல் ஸ்டோர் ஒன்றை எடுத்து, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டி, சனம் இருக்க வாங்குகள் போட்டு, ஒரு பெரிய டிவியும் ஜெனரேற்றரும் வைத்துப் பின்னேரங்களில் படம் காட்டினார். தமிழ்ப் படங்களைச் சனம் மனப்பாடம் செய்துவிட்டது. கொழும்புக்குப் போனால் ஆங்கிலப் பட சீடிகள் கை நிறையக் கிடைத்தன, ஆனால் பார்ப்பவர்களுக்கு விளங்க வேண்டுமே. ஒருநாள் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அவங்கள் பேசுறதை நீங்க மைக்கில தமிழில பேசுங்க. ஆம்பிளைக்கும் நீங்கதான், பொம்பிளைக்கும் நீங்கதான். நாய் வந்தா நாய்க்கும் நீங்கதான்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய்க்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. சரி என்றேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு முறை இருந்தது. ஆபாசம் காட்டினால், அப்போது வன்னியை ஆண்ட இயக்கக்காரர் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். ஒரு முத்தத்துக்காக ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கையும் வந்திருந்தது. அதனால் நானா ஒரு பெரிய சவர்க்காரப் பெட்டியை வெட்டி விரித்து, அந்த மட்டையோடு டிவிக்குப் பக்கத்தில் நிற்பார். நான் டிவிக்கு மற்றப் பக்கத்தில், ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் மைக்கோடு இருப்பேன். நகத்தால் மைக்கில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டை ஏறும். ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும். மட்டைக்கும் டிவிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே படத்தைப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி. நானா சனத்தைப் பார்த்தபடிதான் மட்டையைப் பிடிப்பார். திரும்பிப் பார்த்தால் பாவம் என்பது அவருடைய கொள்கை. படத்தின் சத்தத்தை நான் குறைத்துவிடுவேன். மட்டை ஏறியிருக்கும் நேரம் முழுவதும் சனத்துக்குப் படமும் நான்தான், சத்தமும் நான்தான்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். நாலு வெள்ளைக்காரப் பெடியன்கள் படிப்பு முடிந்து, ஆளுக்கொரு பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறார்கள். குடிக்கிறார்கள், விழுகிறார்கள், பெண்களிடம் அடி வாங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. அவர்களுக்கு நான் குண்டன், நெட்டையன், கண்ணாடி, சின்னவன் என்று பெயர் வைத்திருந்தேன். படம் தொடங்கிற்று. நாலு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் தாயிடம் விடைபெறுகிறார்கள். மூன்றாவது வாங்கிலிருந்து ஒரு ஐயா எழும்பினார்.

"பிள்ளை, இவங்கள் எந்த ஊரால இடம்பெயர்ந்து போறாங்கள்?"

"இடம்பெயரேல்லை ஐயா. சுத்திப் பாக்கப் போறாங்கள்."

"விசர்க் கதை. சுத்திப் பாக்க ஆர் பாய், சட்டியெல்லாம் முதுகில கட்டிக்கொண்டு போவான்?"

கொட்டகையே அவர் பக்கம். ஓம் ஓம் என்று நாலா பக்கமும் சத்தம். நான் சொல்வதைக் கேட்க ஒருவரும் இல்லை. அந்தச் சனத்துக்குப் பையைத் தெரியும். பையை முதுகில் போட்டால் பின்னால் செல் குண்டு வருகிறது என்று அர்த்தம், அல்லது ஆரையோ தேடிப் போகிறோம் என்று அர்த்தம். மூன்றாவது அர்த்தம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் எதையாவது சொல்லியே ஆக வேண்டும்.

"கண்ணாடியின்ரை அண்ணனைக் காணேல்லை," என்றேன் மைக்கில். "அவரைத் தேடித்தான் போறாங்கள். மற்ற மூண்டு பேரும் கூட்டாளிமார், துணைக்குப் போகினம்."

ஐயா திரும்ப வாங்கில் இருந்துவிட்டார். பிறகு அந்தப் படத்தை அவர்கள் பார்த்த விதத்தை நீங்கள் கண்டிருக்க வேண்டும். குண்டன் குடித்துவிட்டு விழுந்தால் சிரித்தார்கள், உடனே "பாவம், அலைஞ்சு களைச்சுப் போனான்" என்றார்கள். மதுக்கடையில் ஒரு பெண் நெட்டையனுக்குக் கன்னத்தில் அறைந்தபோது, அவள் அண்ணனைப் பற்றித் தெரிந்தும் சொல்ல மறுக்கிறாள் என்று நான் சொன்னேன். ஒரு அக்கா எழும்பி அவளைத் திட்டினார். கடைசியில் நாலு பேரும் ரயிலில் ஏறிப் போக, படம் முடிந்தது. "அண்ணன் அடுத்த ஊரில இருக்கிறாராம், தேடிப் போகினம்" என்று நானும் முடித்தேன். எனக்கு அது ஒரு பின்னேரப் பொய். அத்தோடு போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. கடையில், கிணற்றடியில், வகுப்பில், எங்கே போனாலும் கேள்வி. "மைக் அக்கா, அண்ணன் கிடைச்சிட்டாரோ?" அடுத்த வருடம் அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட நானா, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். ஞாயிறு பின்னேரம் இரண்டரைக்கு.

தொழிலில் எனக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. படத்தை முதலில் தனியே இரண்டு தடவை பார்க்காமல் மைக்கைத் தொட மாட்டேன். அன்றைக்கு அந்த ஒழுங்கை மீறினேன். நானாவின் வாகனம் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் மறிபட்டு, அவர் சீடியோடு வந்து இறங்கும்போதே ஒன்றரை மணி. 'இந்த நாலு பேரையும் எனக்குத் தெரியாதா' என்று ஒரு மிதப்பும் எனக்கு இருந்தது. உங்களுக்கும் வரும் அந்த மிதப்பு. வரும்போது என்னை நினையுங்கள்.

சீடியின் உறையை வாங்கிப் பார்த்தேன். உறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு முழத் துணிதான் இருந்தது. சனம் உள்ளே வருமுன் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். முதல் பாகம் இதற்கு முன்னால் தேவாரம். சனம் வந்ததும் திரையை விலக்கி வெளியே பார்த்தேன். வழக்கமாக வரும் இளந்தாரிகளை அன்று கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். முன்னால் முழுக்கப் பெண்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அண்ணன் கிடைக்கும் நாளைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"நானா, இது வேண்டாம். மிசின் பழுது எண்டு சொல்லுவம்."

அவரும் உறையைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்றார். "சரி டீச்சர், நீங்க சொன்னாச் சரி."

அவர் ஜெனரேற்றரை நிற்பாட்டப் போன நேரத்தில்தான் பாக்கியம் சேலைத் திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அக்கராயனில் வயல் வேலை செய்பவள். மலையகத்திலிருந்து கலவரத்துக்கு ஓடி வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அதுவரை அவளோடு நான் இரண்டு சொல் பேசியதில்லை.

"டீச்சரம்மா, படம் போடுறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். அந்த அண்ணன் இன்னைக்குக் கெடைச்சிருவானா?"

"ஏன் பாக்கியம்?"

அப்போதுதான் சொன்னாள். மூத்தவன் செல்வம் பதினெட்டு வயதில் கொழும்பில் பேக்கரி வேலைக்குப் போனவன். ஒரே ஒரு கடிதம் வந்தது. பிறகு பாதை பூட்டிவிட்டது. பத்து வருடம் ஆகிவிட்டது. பாதை திறந்தும் இரண்டு வருடமாகிறது, ஆனால் அவள் போகவில்லை.

"போயி, இல்லேன்னு சொல்லிட்டாங்கன்னா? போகாத வரைக்கும் அவன் இருக்கான் டீச்சரம்மா. கோயில்ல பூக்கட்டிப் பாக்கவும் பயமாருக்கு. சாமி இல்லேன்னு சொல்லிட்டா மறுபேச்சு கெடையாது. இதுன்னா படந்தானே? அதான் மனசுல நெனைச்சுக்கிட்டேன். அவங்களுக்கு அண்ணன் கெடைச்சா நானும் கெளம்பிடுறேன். கெடைக்கலன்னா விட்டுடுறேன்."

அந்தக் கடிதத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சைக் காட்டினாள், அவிழ்க்கவில்லை. பிறகு போய் முன் வாங்கில் இருந்தாள்.

எனக்கு வெளியே வந்து அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. நான் வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொன்னேன், ஒரு தாய் அதில் தன் பிள்ளையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். படத்தை நிற்பாட்டினால் அதையும் ஒரு சகுனமாகத்தான் எடுப்பாள். நானாவைக் கூப்பிட்டு, "போடுங்கோ" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் மட்டையை எடுத்தார்.

அப்படியொரு பின்னேரத்தை நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் நாலு பேரும் ஒரு கடற்கரையில் உடுப்பில்லாமல் ஓடுகிறார்கள். இரண்டு தட்டு. மட்டை ஏறிற்று. "கள்ளர் வந்து உடுப்பு முழுக்கக் களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள்" என்றேன். மட்டை இறங்கியபோது நாலு பேரும் பைகளால் மானத்தை மறைத்தபடி சந்தைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. "நாங்களாவது உடுத்த துணியோட வந்தனாங்கள், இவங்களுக்கு அதுவும் இல்லை" என்று அந்த மூன்றாவது வாங்கு ஐயா சத்தமாகச் சொன்னார், இன்னும் சிரித்தார்கள்.

அரைமணி கழித்து ஒரு மசாஜ் கடை. மட்டை நேரத்துக்கு ஏறிற்று, ஆனால் நானாவின் கை சோர்ந்து ஒரு பக்கம் சரிந்துவிட்டது. முன் வரிசைக்கு ஒரு முதுகு தெரிந்தது, முதுகுக்குக் கீழேயும் கொஞ்சம் தெரிந்தது. பெண்கள் "ஐயோ" என்று வாயைப் பொத்தினார்கள். "நடந்து நடந்து இடுப்பில நாரிப் பிடிப்பு," என்றேன் ஒரு மூச்சில். "நோவெண்ணெய் பூசுகினம்." பொத்திய கைகள் இறங்கின. நாரிப் பிடிப்புக்கு அந்தக் கொட்டகையில் மரியாதை இருந்தது.

இப்படியே ஒப்பேற்றிக்கொண்டு போனேன். ஆனால் அண்ணனுக்குப் பொருத்தமான ஒரு ஆளும் படத்தில் வரவில்லை. ஒரு கிழவன் வந்தான், வயது பொருந்தவில்லை. ஒரு பொலிஸ்காரன் வந்தான், அவனை அண்ணனாக்கினால் கொட்டகைக்குத் தீ வைப்பார்கள். ஒவ்வொரு புது முகம் வரும்போதும் பாக்கியம் வாங்கின் நுனிக்கு வருவாள். நான் வேறு பெயர் சொன்னதும் திரும்பப் பின்னால் சாய்வாள். சேலைத் திரையின் கிழிசல் வழியே நான் படத்தைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன்.

படம் முடியப் போகிற நேரம் நாலு பேரும் ஒரு விடுதிக்குள் போகிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளே நீராவி. நீராவிக்குள் இருந்தவர்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. இரண்டு தட்டல்ல, நாலு தட்டுத் தட்டினேன். மட்டை ஏறியது ஏறியதுதான், இறங்குவதற்கு வழியே இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. நானாவின் முழங்கைகள் நடுங்கத் தொடங்கின. சனம் மட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இனிப் படத்தில் ஆறேழு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்காது என்று எனக்குத் தெரியும். அண்ணன் வருவதானால் இப்போதுதான் வர வேண்டும்.

தம்பிமார், தங்கச்சிமார், இந்த இடத்தில் என் மூளை ஓடிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன், தொழில் என்றால் அதுதான். கிடைக்கவில்லை என்றால் அவள் அந்த முடிச்சை ஒருநாளும் அவிழ்க்க மாட்டாள். கிடைத்துவிட்டார் என்றால், மட்டை இறங்கும்போது படத்தில் அதே நாலு பேர்தான் நிற்பார்கள், ஐந்தாவது ஆளை நான் எங்கே காட்டுவது? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பது நம் தொழிலுக்கென்றே சொன்ன பழமொழி. ஆகவே அண்ணன் வர வேண்டும், பேச வேண்டும், ஆனால் அவர்களோடு போகக்கூடாது.

சத்தத்தை முற்றாகக் குறைத்தேன். கண்ணாடியின் குரலில், மெதுவாக, "அண்ணை" என்றேன்.

பாக்கியம் வாங்கின் நுனிக்கு வந்துவிட்டாள்.

அண்ணனுக்கு அதுவரை ஒருவருக்கும் கொடுக்காத ஒரு குரலைக் கொடுத்தேன். நெஞ்சின் அடியிலிருந்து, நெடுநாள் தமிழ் பேசாதவன் பேசுவதுபோல. "ஆர்?"

"நான்தான்."

பேசாமல் இருந்தேன். மூன்று மூச்சு எண்ணினேன். பேசாமல் இருக்கும் இடத்திலும் மைக்குக்கு முன்னால் நீங்கள் இருக்க வேண்டும், அதை ஒரு இயந்திரமும் உங்களுக்குச் சொல்லித்தராது.

"ஏன் கடிதம் போடேல்லை அண்ணை?"

"போட்டனான். பாதை பூட்டியிருந்ததெல்லே."

"அம்மா தேடுறா."

"இன்னும் தேடுறாவோ?"

எங்கேயோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்த உறிஞ்சலையும் அண்ணனுக்கே கொடுத்துவிட்டேன்.

"வாங்கோ வீட்டை போவம்."

"நீ போ. அம்மாவை வரச் சொல்லு. அவா வந்து கூப்பிட்டா வருவன்."

இடைவெளியால் பார்த்தேன். நீராவி முடிந்துவிட்டது. ஒரு தட்டு. மட்டை இறங்கியபோது இடுப்பில் துவாய்களோடு நாலு பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். "அம்மாவைக் கூட்டிவரப் போகினம்!" என்று கத்தினேன். கொட்டகை எழும்பி நின்று கைதட்டியது. எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன், சான்றிதழ்களும் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. அந்தக் கைதட்டலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

சனம் போன பிறகு நானா மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், உண்மையாவே அண்ணன் வந்தாரா?"

"வரேல்லை நானா."

அவர் கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார். "அந்த மனுசி பாக்கியம் இப்ப என்னட்ட வந்து, அடுத்த தரம் கொழும்புக்குப் போகக்குள்ள தன்னையும் ஏத்திக்கொண்டு போகச் சொல்லிப் போகுது."

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. மைக்கின் பின்னால் இருக்கும்போது வராத பயம். அவளிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். நானா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நானும் ஒரு பையோட போனவன் டீச்சர். பன்னிரண்டு வருசம். ஒரு ஆள் என்னைத் தேடி வரேல்ல. சொன்னது சொன்னதாப் போகட்டும். நாங்க தேடுவம்."

நான் பாக்கியத்தின் வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்க்க வைத்தேன். கடிதத்தில் இருந்த விலாசத்தைப் படியெடுத்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நானாவுக்குத் தெரிந்த ஒருவர் அதையே சிங்களத்திலும் எழுதித் தந்தார். "கிடைக்காமலும் போகலாம் பாக்கியம்" என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள், நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. நானாவும் பாக்கியமும் போன முதல் தரம் அந்தப் பேக்கரியே இல்லை. இரண்டாம் தரம் பேக்கரி முதலாளியின் மருமகனைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாம் தரத்துக்கு நானும் வகுப்பைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன், அந்த மருமகன் சொன்னபடி கொழும்பு மருதானையில் வெயிலில் கதவு கதவாகத் தட்டினோம். நாலாவது பேக்கரியில், கையெல்லாம் மாவோடு, நெற்றியில் வழுக்கை விழுந்த ஒரு மனிதன் வெளியே வந்தான். பாக்கியம் கூப்பிடக்கூட இல்லை. தாயைக் கண்டதும் அவனாகவே வாசற்படியில் குந்திவிட்டான்.

நான் இட்டுக்கட்டிய காரணம் எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. அக்கராயனில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று யாரோ சொன்னதை நம்பி, ஒவ்வொரு வருடமும் தாய்க்குத் திவசம் செய்துகொண்டிருந்திருக்கிறான். அதைக் கேட்டுப் பாக்கியம் சிரித்த சிரிப்பு மருதானைத் தெருவெல்லாம் கேட்டது.

உங்களில் சிலர் கேட்பீர்கள், அவன் கிடைக்காமல் போயிருந்தால்? அந்தக் கேள்வியை நான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். சொன்ன வாய்க்குக் காலும் இருக்க வேண்டும். மைக்கில் ஒருத்தருக்கு நம்பிக்கை கொடுத்தால், வெயிலில் இறங்கி அவரோடு கதவு தட்டவும் வேண்டும். அதற்கு மனமில்லாதவர் கிடைக்கவில்லை என்றே சொல்லிவிடலாம்.

அந்த ஸ்டோர் இப்போது இல்லை. டிவி, மைக், மட்டை ஒன்றும் இல்லை. கடைசிப் போரில் வன்னிச் சனம் முழுவதும் முதுகிலும் தலையிலும் பைகளோடு கடற்கரைப் பக்கமாக நடந்த வருடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நானும் அதில் நடந்தவள்தான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த வருடம் பாக்கியம் அந்தப் பாதையில் இல்லை. அதற்கு முன்னரே மகன் அவளைத் தன்னோடு கொழும்புக்குக் கூட்டிப்போயிருந்தான். பதுங்குகுழிக்குள் இருந்தபோது அதை நினைத்துக்கொள்வேன், எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் முடிக்க விரும்புவது செல்வம் முதன்முதலாக ஊருக்கு வந்த கிழமையோடு. ஊரே அந்த இரண்டாம் பாகத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டது. பாக்கியம் மகனை முன் வாங்கில் நடுவில் இருத்தினாள். நானும் அதே வசனங்களை அதே குரலில் பேசினேன், நானாவும் சனத்தைப் பார்த்தபடி மட்டையைப் பிடித்தார். படம் தொடங்கிய நேரம் முதல் செல்வத்தின் புருவம் மேலே ஏறியது ஏறியபடியே இருந்தது. முடிந்ததும் தாயோடு என் திரைக்குப் பின்னால் வந்தான்.

"டீச்சர், இந்தப் படத்தை நான் கொழும்புல தியேட்டர்ல பாத்திருக்கேன். இதுல அண்ணனே இல்லையே."

நானா மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பாக்கியம் எங்களை ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்தாள்.

"இருந்தானேடா," என்றாள். "மட்டைக்குப் பின்னால இருந்தான். நானே கேட்டேனே. மட்டை இல்லாமத்தானே நீ பாத்த? அப்ப சொல்லு, அந்த எடத்துல யாரு இருந்தா?"

அவன் வாயைத் திறந்தான். நீராவியும் நீராவிக்குள் இருந்தவர்களும் அவனுடைய கண்ணுக்கு முன்னால் வந்ததை நான் கண்டேன். காது மடல் வரை சிவந்துவிட்டது. தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான்.

"அண்ணன்தாம்மா," என்றான். "நான்தான் சரியாக் கவனிக்கல."